65 வயதில் கேட்ட குரல்

தரமணியில் திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பழைய நூல்களையும் இசைத்தட்டுகளையும் காக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கிறது. பரவை முனியம்மா இவ்விரண்டில் எதற்குச் சொந்தம் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

மதுரைப் பக்கத்துப் பரவைக்காரர், 1937ல் பிறந்தவர். ஊர்த் திருவிழாக்களில் பாடியவரை நாடறியச் செய்தது 2003ல் வந்த 'தூள்' படம். அப்போது வயது 65. 'பாட்டி என்னமாய்ப் பாடுகிறாள்!' என்று பட்டணத்து ரசிகர் வியந்தார். அந்த வியப்பில் எனக்கு உடன்பாடில்லை. வயதை மெச்சுகிறவன் பாட்டைக் கேட்பதில்லை. அவர் ராகத்தை இழைக்கிறவரல்ல, சொல்லை வீசுகிறவர். திறந்த வெளியில் கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் சொல் போய்ச் சேரவேண்டும் என்ற தொழிற்சிரத்தை அது, கிழக்குரலின் விநோதமல்ல.

சினிமா அவருக்குப் புகழ் தந்தது, வாஸ்தவம். ஆனால் படத்தில் பாட்டுக்குச் சில நிமிஷங்களே உண்டு. திருவிழாப் பாட்டோ எதிரே இருப்பவர் முகம் பார்த்து அடி சேர்த்துக்கொண்டே போகும். அந்த முனியம்மா காமிராவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். 2020 மார்ச்சில் காலமானார்.

ஊர் ஊராய்ப் பாடும் நாற்பது வயதுப் பெண்கள் இன்றும் உண்டு. அவர்கள் பாட்டியாகும்வரை நாம் காத்திருக்க வேண்டாம்.