கறுவாப் பறவையும் தேடுபொறியும்

வணிகத்துக்கும் கட்டுக்கதைக்கும் உள்ள உறவு மிகப் பழைமையானது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், கறுவா பெறப்படும் முறை பற்றி ஒரு கதை கூறுகின்றார். பெரும் பறவைகள் கறுவாப்பட்டை கொண்டு செங்குத்தான பாறைகளிற் கூடு கட்டுமாம். அராபியர் இறைச்சித் துண்டங்களைக் கீழே இட, பறவைகள் அவற்றைத் தூக்கிச் செல்ல, பாரந் தாங்காது கூடுகள் சரிந்து விழுமாம். கி.பி. 1ஆம் நூற்றாண்டில் உரோம அறிஞர் பிளினி இத்தகைய கதைகளை மறுத்து, விலையை உயர்த்தும் பொருட்டுப் புனையப்பட்டவை என்றார். வாங்குவோனின் அறியாமையே விற்போனின் மூலதனமாயிற்று.

நக்கிள்ஸ் மலைச்சாரலில் அமைந்த இரத்தோட்டையில் மிளகும் ஏலமும் கராம்பும் சாதிக்காயும் விளைகின்றன. அங்கு காய் பறிப்போருக்கு அவை உழைப்பின் பயன். இணைய விளம்பரத்திலோ அத்தகைய சரக்குகள் சர்வரோக நிவாரணிகளாகின்றன. இவ்விளம்பரங்களை ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு நோக்கின், வாய்மொழிக் கதைக்குரிய வாய்பாடுகள் அவற்றில் அமைந்திருத்தல் புலனாகும். 'முன்னோர் மறைத்த இரகசியம்', 'ஆய்வுகள் நிரூபித்துவிட்டன', 'ஏழே நாட்களிற் குணம்' என்பன அவை. முன்னோர் யாவர், ஆய்வு எது, குணமடைந்தவர் எவர் என்னும் வினாக்களுக்கு அங்கு இடமில்லை.

பழைய கதைக்கும் புதிய கதைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கதை சொல்பவனின் முகம் பண்டைச் சந்தையில் தெரிந்தது. இன்று அவ்விடத்தைத் தேடுபொறி பெற்றுள்ளது. 1998இல் லாரி பேஜும் செர்கே பிரினும் கூகுளைத் தொடங்கியபோது, ஒரு பக்கத்தைச் சுட்டும் பிற பக்கங்களின் எண்ணிக்கையையும் தகுதியையும் கொண்டே அதன் சிறப்பை மதிப்பிட்டனர். அம்முறை பின்னர் பலவாறு விரிவுற்றது. எனினும், பலராற் சுட்டப்படுவது வேறு, மெய்யாயிருப்பது வேறு என்னும் உண்மை மாறவில்லை. பணம் பெற்று மேலே வைக்கப்படும் விளம்பரமும் வாசகருக்கு விடையாகவே தோற்றுகின்றது. வரிசையில் முதலிடம் பெற்றது, வாய்மையிலும் முதலிடம் பெற்றதாகக் கொள்ளப்படுகின்றது.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்பதன்று. 2020 டிசெம்பரில், தேனும் சாதிக்காயும் கலந்த பாணியொன்று கொவிட்-19 நோயைத் தடுக்கும் என்ற செய்தியைத் தொலைக்காட்சியும் சமூக ஊடகங்களும் பரப்பின. நோய்த்தொற்றுக் காலத்திலேயே கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துத் திரண்டனர். அப்பாணியைப் பகிரங்கமாக அருந்திய அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி, 2021 ஜனவரியில் அந்நோய்க்கே ஆளானார். நோயைத் தடுக்கத் தேடிய மருந்தே நோய் பரவுதற்குரிய கூட்டத்தைக் கூட்டியமை இங்கு மனங்கொளத்தக்கது.

இவ்வாறு கூறுவது சுதேச வைத்தியத்தை இகழ்வதாகாது. மருந்துச் சரக்கின் இனம், அளவு, நோயாளியின் நிலை ஆகியவற்றை ஆராய்ந்து கொடுப்பதே வைத்திய மரபு. விளம்பரம் நீக்குவதும் அவற்றையே. 'கறுவா நீரிழிவைப் போக்கும்' என்னும் கூற்று, எந்தக் கறுவா என்பதைச் சொல்வதில்லை. உலகச் சந்தையில் இலங்கைக் கறுவாவும் கசியா எனும் வேறினப் பட்டையும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. கசியாவில் மிகுதியாகவுள்ள கூமரின், அளவுக்கு மிஞ்சினால் ஈரலைப் பாதிக்கக்கூடியது. இலங்கைக் கறுவாவில் அது மிகச் சொற்பம். உழவனுக்கு உண்மையிலேயே பெருமை தரும் இவ்வேறுபாடு, பொய்ப்புகழின் ஆரவாரத்தில் அமிழ்ந்துபோகின்றது.

2022இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. பிறப்பிடத்தை மறைத்து விலை உயர்த்திய பறவைக் கதைக்கு இது நேரெதிரானது. பிறப்பிடத்தின் மெய்ம்மையே இங்கு மதிப்பாகின்றது. நம்பத்தக்க நூலும் கட்டுரையும் தமிழில் அருகும் துறையில், தேடுவோன் கையில் வதந்தியே விடையாக வந்து சேரும். அவ்வெற்றிடத்தை நிரப்புதல் கற்றோரின் கடன். அது நிறைவேறாதவரை, பறவைகள் கறுவாக் கூடு கட்டிக்கொண்டேயிருக்கும்.