முழுமையுணர்வுக் கொள்கையும் திரைப்பட ஆராய்ச்சியும்

ஒரு கலைப்பொருளின் உண்மை யாண்டுளது என்னும் வினாவிற்கு மேனாட்டறிஞர் கூறிய விடைகள் ஒன்றோடொன்று மாறுபட்டு நிற்பன. ஆக்கியோன் கருத்தின்கண் உளது என்பர் ஒருசாரார். ஆக்கப்பட்ட பொருளின் வடிவின்கண்ணே உளது என்பர் பிறிதொருசாரார். காண்போன் உள்ளத்து எழும் உணர்ச்சியே அது என்பாரும், அதனைத் தோற்றுவித்த நாடும் காலமும் பொருள்நிலையுமே அது என்பாரும் உளர். இந்நால்வர் வழக்கையும் ஒருங்குவைத்து நோக்கி, ஒவ்வொருவரும் உண்மையின் ஒரு கூற்றையே முழுமையெனக் கொண்டு மயங்கினர் என்று முடிபு கூறியவர் அமெரிக்க நாட்டுக் கென் வில்பர் என்பார். 1949-இல் பிறந்த இவர், 1995-இல் வெளியிட்ட பெருநூலொன்றில் தம் கொள்கையை வகுத்து, 1997-இல் வெளிவந்த பிறிதொரு நூலில் அதனைக் கலைக்கும் இலக்கியத்திற்கும் பொருத்திக் காட்டினார். அவர்வழி நிற்போர் சிலர் இதனைத் திரைப்படம் ஆக்குதற்கும் ஆராய்தற்கும் உரிய கருவியாகக் கொண்டனர். அக்கருவி எத்துணைத் தூரம் செல்லும், எவ்விடத்து நின்றுவிடும் என்பது ஈண்டு ஆராயப்படும்.

இக்கொள்கையின் அடிப்படை இரண்டு. முதலாவது, உள்ளன யாவும் ஒருவாற்றான் முழுமையாயும் பிறிதோராற்றான் மற்றொன்றன் உறுப்பாயும் நிற்கும் என்பது. எழுத்துத் தன்னளவில் முழுமை, சொல்லிற்கு உறுப்பு. சொல் தன்னளவில் முழுமை, சொற்றொடர்க்கு உறுப்பு. இது 1967-இல் ஆர்தர் கோஸ்லர் கூறியதனை வில்பர் தழுவிக்கொண்டது. இரண்டாவது, எந்நிகழ்ச்சிக்கும் அகம் புறம் எனவும் ஒருமை பன்மை எனவும் பகுப்பு உண்மையின், அவற்றை உறழ நான்கு கூறுகள் உளவாம் என்பது. ஒருவன் நெஞ்சத்து நிகழ்வது ஒருமையகம். அவன் உடலானும் செயலானும் வெளிப்படுவது ஒருமைப்புறம். பலர் பொதுவாகக் கொண்ட மதிப்பும் வழக்கும் பன்மையகம். அவர்தம் அரசு, தொழில், கருவி முதலியன பன்மைப்புறம். இவற்றொடு, உணர்வு வளர்ந்து செல்லும் படிகளும், நனவு கனவு உறக்கம் முதலிய நிலைகளும் உடன்வைத்து எண்ணப்படும்.

இதன் பயனை விளக்க வில்பர் எடுத்துக்கொண்ட சான்று, வான்கோ வரைந்த பழங்காலணி ஓவியம். செருமானிய மெய்ந்நூலறிஞர் ஹைடெக்கர் அவற்றை ஓர் உழத்தியின் காலணிகளாகக் கொண்டு, மண்ணும் உழைப்பும் அவற்றின்கண் பேசுவதாக விரித்துரைத்தார். 1968-இல் மெயர் ஷாப்பிரோ என்னும் கலைவரலாற்றறிஞர், அவை நகரத்து வாழ்ந்த ஓவியர்தம் காலணிகளே என மறுத்தார். வான்கோவின் நண்பராகிய கோகன், அவர் இளமையிற் பெல்சிய நாட்டுச் சுரங்கத் தொழிலாளரிடைச் சமயத்தொண்டு புரியச் சென்றகாலை அணிந்தவை அவை என நினைவுகூர்ந்து எழுதினார். வடிவினை மட்டும் நோக்கினார் உழத்தியைக் கண்டார். வரலாறு நோக்கினார் ஓவியரைக் கண்டார். நட்பினால் அணுகினார் அவ்வோவியர்தம் இரக்கத்தைக் கண்டார். ஒரு நோக்கில் மட்டும் நின்று முடிபுரைப்பார் பிழைபடுதல் எளிது என்பது இதனாற் பெறப்படும். இத்துணையும் ஒக்கும்.

இனித் திரைப்படத்தின்கண் இதனைப் பொருத்தி நோக்குதற்குச் சப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1950-இல் ஆக்கிய 'ராஷோமோன்' பெரிதும் ஏற்புடைத்து. 1951-இல் வெனிசு நகரத்துத் திரைப்பட விழாவிற் பொற்சிங்கப் பரிசு பெற்ற இப்படத்தின் பொருள், ஒரு நிகழ்ச்சியைப் பலர் பலவாறு கூறுதலேயாம். காட்டுவழிச் சென்ற போர்மறவன் ஒருவன் இறந்து கிடக்கின்றான்; அவன் மனைவி கள்வனொருவனால் வலிதிற் கெடுக்கப்பட்டாள். கள்வனும், மனைவியும், தேவராட்டி வாயிலாக இறந்தோன் ஆவியும் முறைமன்றத்திற் சான்றுரைக்கின்றனர். மரம் வெட்டுவோன் ஒருவன், மன்றத்தில் தான் மறைத்ததனைப் பாழடைந்த நகரவாயிலின்கீழ் மழைக்கு ஒதுங்கிய துறவிக்கும் வழிப்போக்கனுக்கும் நான்காவது உரையாகக் கூறுகின்றான். நான்கும் தம்முள் ஒவ்வா.

நாற்கூற்று முறையால் இப்படத்தை ஆராய்வான் ஒருவன் பெறுவன பல. மாந்தர்தம் நெஞ்சத்துச் செருக்கும் நாணமும் ஒருமையகம். அவை கட்புலனாக வெளிப்படுமாறு ஒருமைப்புறம். ஒளிப்பதிவாளர் மியாகவா கசுவோ படப்பொறியைக் கதிரவன்மேலேயே நோக்க நிறுத்தியதும், காட்டின் இருளிடைக் கண்ணாடிகளால் வெயிலைத் திருப்பியதும், மழை புலப்படவேண்டி நீரிற் கருமை கலந்ததும் இதன்பாற்படும். மறவர்க்கு மானமும் மகளிர்க்குக் கற்பும் உயிரினும் மேலாக மதிக்கப்பட்ட பழஞ்சப்பானிய வழக்கும், அகுதாகவா 1915-இலும் 1922-இலும் எழுதிய இரு சிறுகதைகளினின்று இப்படம் கிளைத்தமையும் பன்மையகம். போரில் தோற்று அயலார் ஆட்சிக்கு உட்பட்டிருந்த 1950-ஆம் ஆண்டின் நாட்டுநிலையும், படத்தொழிற் கழகங்களின் அமைப்பும் பன்மைப்புறம். இவற்றுள் ஒன்றனை விடுத்தாலும் ஆராய்ச்சி குறைவுபடும் என்பதில் ஐயமின்று. படம் ஆக்குவானுக்கும் இது நல்லதொரு நினைவூட்டலாம். நெஞ்சினை மட்டும் கருதிக் காட்சியை மறந்தாரும், காட்சியை மட்டும் கருதி நெஞ்சினை மறந்தாரும் இருவரும் தோற்றமை கண்கூடு.

ஆயின், இக்கொள்கை தன்னுள் ஒரு துணிபினைப் பொதிந்து வைத்துளது. ஒவ்வொரு நோக்கும் உண்மையின் ஒரு கூறுடைத்து. முற்றும் பிழைபடுவார் ஒருவரும் இலர். ஆகலின் நோக்குகள் அனைத்தையும் தொகுப்ப முழுமை பிறக்கும் என்பதே அது. யானையைத் தடவிய குருடர் கதை இதற்கு ஒக்கும். காலைத் தடவினான் உரலென்றதும், காதினைத் தடவினான் முறமென்றதும் குறைவுணர்வேயன்றிப் பொய்யல்ல. அவற்றைத் தொகுப்பின் யானை ஒருவாறு புலப்படும். ராஷோமோனின் சான்றாளரோ குருடரல்லர், கண்டவர். கண்டதனைக் கண்டவாறு கூறாது வேறுபடுத்துக் கூறுகின்றனர். குறைவுணர்வு வேறு, திரிபுணர்வு வேறு. குறைவினைக் குறைவொடு கூட்டின் நிறைவாகும்; திரிபினைத் திரிபொடு கூட்டின் நிறைவாதல் யாண்டும் இல்லை. நான்கு உரைகளையும் அடுக்கிவைப்பினும் காட்டில் நிகழ்ந்தது யாதென்பது தோன்றாமை இதற்குச் சான்று.

அற்றேல், தண்டனைக்கு அஞ்சிக் கூறிய பொய்யே அது எனின், அற்றன்று. கள்வன், கணவனோடு இருபத்துமூன்று முறை வாள்மாறிப் பொருது தானே கொன்றதாகச் செம்மாந்து கூறுகின்றான். மனைவி, தன் கைக்குற்றுவாளொடு மயங்கி வீழ்ந்து விழித்தகாலை அது கணவன் மார்பில் நின்றதென்கின்றாள். இறந்தோன், மானத்தாற் றன்னைத் தானே குத்திக்கொண்டதாகப் பகர்கின்றான். மூவரும் கொலையைப் பிறர்மேல் ஏற்றாது தம்மேல் ஏற்றிக்கொள்ளுதலை நோக்குக. உயிரினும் இனியதொன்றனைக் காத்தற்பொருட்டே அவர் பொய்த்தனர். அது தாம் தம்மைப்பற்றிக் கொண்டிருந்த உருவம். மரம் வெட்டுவோன் உரையிலோ ஆடவர் இருவரும் கைந்நடுங்கி, நிலத்திற் புரண்டு, அஞ்சி அஞ்சிப் பொருகின்றனர். அவன் உரையே மெய்யெனக் கொள்ளப் புகும்போது, காணாமற்போன குற்றுவாளைக் கவர்ந்தவன் அவனே என்று வழிப்போக்கன் இடித்துரைக்கின்றான். அவன் வாயடைத்து நிற்கின்றான்.

படக்கதை விளங்கவில்லை என்று வினவிய உதவி இயக்குநர் மூவர்க்கு, மாந்தர் தம்மைப்பற்றித் தமக்கே உண்மை கூறமாட்டாமையே இதன் பொருள் என்று குரோசாவா விடையிறுத்ததாகத் தம் வரலாற்று நூலில் எழுதியுள்ளார். அந்நூலையும் ராஷோமோன் ஆக்கிய காலத்தோடு நிறுத்திக்கொண்டார். தம்மைப்பற்றித் தாமே எழுதுவது முழுதும் மெய்யாகாது என்பது அவர் அதற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று.

இனி, முழுமையுணர்வுக் கொள்கையார் இத்தடையை அறியாதவரல்லர். உள்ளத்தில் ஒதுக்கி மறைக்கப்பட்ட பகுதியை 'நிழல்' எனப் பெயரிட்டு வில்பர் பேசுகின்றார்; ஆக்கியோன் அறியாமலே அவன் ஆக்கத்துட் புகும் கருத்துக்களும் ஆராயப்படவேண்டும் என்கின்றார். ஆகலின் மருந்து அவர் பேழையுள் உளது. உளதாயினும், பலவற்றுள் ஒன்றாக எண்ணி வைக்கப்பட்டமையே குறை. மறைப்பு என்பது நான்கு கூறுகளுள் ஒன்றன்கண் அடங்குவதன்று. நான்கினையும் நோக்குகின்ற கண்ணினையே பற்றி நிற்பது. அதனை எண்ணின்கண் வைப்பார், எண்ணுகின்ற தம்மை அதனின் நீங்கியவராகக் கொண்டு மயங்குதல் எளிது.

படிகளைப்பற்றிய கூற்றினும் இவ்விடர்ப்பாடே தோன்றும். உணர்வு படிப்படியே வளரும் என்பது மெய்யே. ஆயின் இப்படம் இன்னபடியது, அஃது அதனின் தாழ்ந்த படியது என வரிசைப்படுத்தப் புகுவான், தன்னை எல்லாவற்றிற்கும் மேற்படியில் முன்னரே நிறுத்திக்கொள்கின்றான். ராஷோமோனில் உயர்குடிப் பிறந்த மறவனும் பொய்த்தான். காட்டுக் கள்வனும் பொய்த்தான். உயிர் நீங்கிய பின்னரும் ஆவி பொய்த்தது. எப்படியினும் எந்நிலையினும் தன்முனைப்பு உடன்வருதலை இதனினும் விளங்கக் காட்டுதல் அரிது. நனவு முதலிய நிலைகளை வில்பர் மாண்டூக்கிய உபநிடதம் முதலிய இந்நாட்டு நூல்களினின்று எடுத்துக்கொண்டார். சைவநூல்கள் அவற்றை ஐந்தாக எண்ணுவதோடு அமையாது, உயிரின் அறிவை மறைத்து நிற்பதொன்றனையும் உடன்கூறுவன. நிலைகளை மட்டும் கொண்டு மறைப்பினை விடுத்தார்க்கு அவ்வெண்ணிக்கை நிரம்பாதாம்.

ஈண்டு மற்றொன்றும் அறியற்பாலது. இப்படத்தின் முறைமன்றத்தில் நடுவன் காட்டப்பட்டிலன். அவன் குரலும் கேட்கப்படுவதில்லை. சான்றாளர் படப்பொறியை நோக்கி விடையிறுக்கின்றனர். எனவே நடுவன் இருக்கையில் இருத்தப்பட்டோன் படத்தைக் காண்போனேயாம். அவ்விருக்கையில் இருந்து பிறர் பொய்யை எண்ணிக்கொண்டிருந்தவன், மரம் வெட்டுவோன் மறைத்த குற்றுவாள் வெளிப்பட்டவழி, தான் மறைத்தது யாதென வினவிக்கொள்ள நேர்கின்றது.

ஆதலின் முழுமையுணர்வுக் கொள்கை திரைப்பட ஆராய்ச்சிக்கு வேண்டப்படுவதே; ஒருபாற் கோடிய நோக்கினைத் திருத்துதற்கு அஃது உதவும். ஆயின் அதனைக் கையாளுவார் முதற்கண் வினவவேண்டுவது, படத்தில் எத்துணைக் கூறுகள் உள என்பதன்று. காண்கின்ற தம்மிடத்து அதனைக் காணவொட்டாது தடுப்பது யாது என்பதே. முன்னது தொகுத்தல், பின்னது தூய்மை செய்தல். தூய்மை செய்யாத கண் எத்துணைத் தொகுப்பினும் தன்னையே காணும்.

படத்தின் இறுதியில் வாயிலின்கீழ்க் கைவிடப்பட்ட குழவியொன்று அழுகின்றது. வழிப்போக்கன் அதன் ஆடையைக் கவர்ந்து செல்கின்றான். மரம் வெட்டுவோன் கைநீட்டியபோது துறவி அஞ்சி மறுக்கின்றான். தன் இல்லத்து மக்கள் அறுவரோடு இதனையும் வளர்ப்பதாக அவன் கூறக் கேட்டபின்னரே, தன் ஐயத்திற்கு நாணிக் குழவியை அவன்பால் ஒப்புவிக்கின்றான். இப்பகுதி அகுதாகவாவின் கதைகளில் இல்லாதது, படத்தில் அமைக்கப்பட்டது. காட்டில் நிகழ்ந்தது யாதென்பது அப்போதும் துணியப்படவில்லை. ஆயினும் வாயடைத்து நின்று தன் பொய்யைத் தானே உணர்ந்த ஒருவனே அக்குழவியை ஏந்திச் செல்கின்றான், மழையும் நின்றது.