நாடாக்கும் விளையாட்டும் ஆற்றுப்படை நெறியும்

முன்னுரை

கணிப்பொறி விளையாட்டுக்களைத் திறனாய்வுக்கு உரிய பொருளாகக் கொள்ளுதல் தகுமோ என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். கூத்தும் நாடகமும்கூட ஒரு காலத்தில் அவ்வாறே ஐயுறப்பட்டன. உலகத்தைப் பற்றிய ஒரு கருத்தை ஒழுங்குற அமைத்து மக்கள் முன் வைப்பது எதுவாயினும், அதன் அமைப்பையும் கருத்தையும் ஆராய்தல் திறனாய்வாளன் கடமையாகும். வரலாற்றைக் களனாகக் கொண்டு, ஊர் நிறுவி, நாடு விரித்து, ஒரு நாகரிகத்தை வளர்க்கும் விளையாட்டுக்கள் இத்தகையன. நாகரிகம் என்பது யாது என்னும் வினாவிற்கு அவை ஆடும் முறையாலேயே விடை பகர்கின்றன. நம் மாணவருட் பலர் வரலாற்று நூலைத் திறக்கு முன்னரே அவ்விடையைப் பெற்றுவிடுகின்றனர்.

அண்மையில் தமிழரும் இவற்றுள் இடம்பெற்றுள்ளனர். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பகுதிக்கு 2022ஆம் ஆண்டில் வெளிவந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்னும் விரிவில், 'திராவிடர்' என்றொரு நாகரிகமும், இராசேந்திர சோழனைத் தலைவனாகக் கொண்ட படையெடுப்புக் கதையும் அமைந்துள்ளன. 2025ஆம் ஆண்டில் வெளிவந்த 'சிவிலைசேஷன்' ஏழாம் பகுதியில் சோழர் தனி நாகரிகமாகவே வருகின்றனர். இவ்வரவு கண்டு தமிழிளைஞர் மகிழ்தல் இயல்பே. ஆயினும், பெயர் இடம்பெறுதல் வேறு. நெறி இடம்பெறுதல் வேறு. இவ்வேறுபாட்டைத் தொண்டை நாட்டின், சிறப்பாகச் செங்கற்பட்டு மாமல்லபுரக் கடற்கரைப் பகுதியின், சான்றுகளைக் கொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டின் இலக்கணம்

சிட் மையர், புரூஸ் செல்லி ஆகிய இருவர் வகுத்த 'சிவிலைசேஷன்' 1991ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1997இல் தோன்றிய 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' வரிசையிலும் செல்லிக்குப் பங்குண்டு. ஆதலின் இவ்விரு வரிசைகளையும் ஒரு குடிப் பிறந்தனவாகக் கொள்ளல் பிழையன்று. இவ்வகை விளையாட்டுக்களின் இயல்பை 1993ஆம் ஆண்டில் ஆலன் எம்ரிக் என்பார் நான்கு வினைகளால் சுட்டினார். நாடிக் காணல், விரிந்து பரவல், பயன்கொள்ளல், அழித்தொழித்தல் என்பன அவை. பாட்டிற்கு முதல், கரு, உரி என்பன போல, இவ்விளையாட்டிற்கு இந்நான்கும் இலக்கணமாக நிற்கின்றன.

ஆட்டத்தின் தொடக்கத்தில் வரைபடம் முழுதும் இருண்டு கிடக்கும். ஆடுவோனின் வீரனோ குடியேறுவோனோ கால் வைக்குந்தோறும் இருள் விலகி நிலம் புலப்படும். காணப்படும் ஒவ்வொரு நிலமும் இத்துணை உணவு, இத்துணைப் பொன் என எண்ணால் அளக்கப்படும். அந்நிலத்தில் முன்பே வாழ்வோர் உளராயின், பழைய பகுதிகளில் அவர்க்கு வழங்கிய பெயர் 'காட்டுமிராண்டிகள்' என்பது. ஏழாம் பகுதியில் இப்பெயர் நீங்கித் 'தன்னுரிமை மக்கள்' என வழங்கப்படுகின்றது. இது வரவேற்கத்தக்க திருத்தமே. ஆயினும் அவர்கள் ஆடுவோனின் வளர்ச்சிக்குத் துணையாகவோ தடையாகவோ அன்றி வேறொருவாறு கருதப்படுவதில்லை.

சோழரின் வரவு இவ்விலக்கணத்தை மாற்றியதா? ஏழாம் பகுதியில் 'அஞ்சுவண்ணம்', 'மணிக்கிராமம்' என்னும் பெயரால் இரு கட்டிடங்கள் உள்ளன. இரண்டும் ஓரிடத்தில் அமையின் 'ஐந்நூற்றுவர்' பெயரால் ஒரு பகுதி உருவாகின்றது. கல்வெட்டுக்களில் பயிலும் வணிகக் குழுக்களின் பெயர்களை அறிந்து எடுத்தாண்ட உழைப்பு பாராட்டத்தக்கது. ஆனால், அரசன் ஆணையைக் கடந்தும் கடல் கடந்தும் இயங்கிய மக்கட் கூட்டங்கள் ஈண்டு அரசன் எழுப்பும் கட்டிடங்களாகிவிட்டன. சொல் தமிழாயினும் தொடரிலக்கணம் பழையதே என்பது இதனால் விளங்கும்.

ஒரு புலவர், இரு பாட்டு

இவ்விலக்கணம் நமக்கு முற்றும் அயலானது என்று கூறிவிடின் அது நேர்மையன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பட்டினப்பாலை, கரிகாலன் பகைவர் நாட்டைப் பாழ்படுத்தியதையும், காட்டை அழித்து நாடு செய்ததையும், குளங்கள் தோண்டி வளம் பெருக்கியதையும், மாளிகைகளும் கோயில்களும் அமைத்துக் குடிகளை நிலைநிறுத்தியதையும் விரித்துரைக்கின்றது. விரிதல், பயன்கொள்ளல், அழித்தல் ஆகிய மூன்றும் ஈண்டு உள. இப்பாட்டின் தலைவனை விளையாட்டினுள் புகுத்தின், அவனுக்கு அது பழகிய இடமாகவே தோன்றும்.

ஆயின், பட்டினப்பாலையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பெரும்பாணாற்றுப்படையையும் பாடினார் என்பது கருதத்தக்கது. இப்பாட்டின் தலைவன் காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையுற்ற மற்றொரு பாணனுக்குக் காஞ்சி செல்லும் வழியைச் சொல்கின்றான். உப்பு வணிகரின் வண்டிகள் செல்லும் வழி, எயினர் குடி, ஆயர் குடி, உழவர் ஊர், வலைஞர் குடியிருப்பு, அந்தணர் உறைவிடம், கடற்றுறை என நிலம் ஒன்றன்பின் ஒன்றாக விரிகின்றது. ஒவ்வொரு குடியினரும் தத்தமக்கு இயன்ற உணவைத் தருவர் என்கின்றான். எயினர் உடும்பின் பொரியலும், ஆயர் தினைச்சோறும் பாலும், உழவர் வெண்ணெற் சோறும், வலைஞர் சுட்ட மீனும் அளிப்பர்.

இங்கும் அறியாத நிலம் அறியப்படுகின்றது. ஆனால் அறியும் வழி வேறு. விளையாட்டில் நிலம் படைஞனின் காலால் புலப்படுகின்றது. ஆற்றுப்படையில் அது முன்சென்று மீண்டவனின் சொல்லால் புலப்படுகின்றது. முன்னதில் நிலம் எத்துணை விளையும் என்பது வினா. பின்னதில் அந்நிலத்தில் யாவர் வாழ்கின்றனர், அவர் விருந்தினர்க்கு யாது தருவர் என்பது வினா. முன்னதில் கண்டவன் கொள்கின்றான். பின்னதில் கண்டவன் பிறனுக்கு வழி காட்டுகின்றான். இளந்திரையனும் வென்று புகழ் கொண்ட வேந்தனே. ஆற்றுப்படை வேந்தனைப் புகழும் பாட்டே. எனினும், அவனிடம் செல்லும் வழியெல்லாம் அவனால் ஆக்கப்படாத மக்களின் வாழ்வு நிறைந்துள்ளது.

அவ்வழியில் வரும் கடற்றுறை நீர்ப்பெயற்று என்பது. குதிரைகளையும் வடநாட்டுப் பண்டங்களையும் கொணர்ந்த கலங்கள் அங்கு நின்றன. உயர்ந்த மாடத்தில் இரவில் ஏற்றிய விளக்கு, கடலில் திசையறியாக் கலங்களைத் துறைக்கு அழைத்தது. நீர்ப்பெயற்று மாமல்லபுரமே என்பர் ஒரு சாரார். இது முடிந்த முடிபன்று. ஆயினும் அவ்விளக்கின் கருத்து இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. இருளில் வருவோன் பகைவனாகவும் இருக்கலாம் என்று விளக்கை அவிப்பது ஒரு நெறி. வருவோன் வணிகனாகவும் இருக்கலாம் என்று ஏற்றி வைப்பது மற்றொரு நெறி. விளையாட்டின் இருண்ட வரைபடம் முதல் நெறியைப் பெரிதும் பயிற்றுகின்றது.

நீர் இல்லாத வயல்

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பகுதியில் வயல் அமைக்க மரம் வேண்டும், நீர் வேண்டா. சமநிலம் எங்கும் வயல் விளையும். விளைவு தீர்ந்தால் மீண்டும் மரம் செலவிட்டு விதைத்தல் போதும். 'திராவிடர்' ஆடினும் இதுவே விதி. 'சிவிலைசேஷன்' வரிசை இதனினும் நுட்பமானது. அதன் ஆறாம் பகுதியில் நன்னீர் அருகிருத்தல் ஊர் வளர்ச்சிக்கு உதவும். இந்தியருக்குப் படிக்கிணறு தனிச் சிறப்பாக அமைந்துள்ளது. 2019இல் வந்த விரிவில் வெள்ளமும் புயலும் கடல்மட்ட உயர்வும் இடம்பெற்றன. எனினும் ஏரி என்னும் அமைப்பு அதன் உயிரோடு எங்கும் காணப்படவில்லை.

செங்கற்பட்டுச் சீமை ஏரிகளால் வாழ்ந்த சீமையாகும். பேராறு எப்போதும் பெருகி ஓடாத நாட்டில், மழைநீரைக் கரை கட்டித் தேக்கி, ஓர் ஏரியின் மிகைநீரை அடுத்த ஏரிக்குச் செலுத்தி வேளாண்மை செய்தனர். இவ்வமைப்பில் கட்டுதல் ஒரு நாள் வேலை. காத்தல் என்றுமுள்ள வேலை. ஆண்டுதோறும் வண்டல் படியும், கரை இளகும், மதகு பழுதாகும். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்து, இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சார்ந்த உத்தரமேரூரில், பல்லவர் காலத்து வயிரமேகத் தடாகம் உள்ளது. அவ்வூரில் முதற் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள், முப்பது குடும்புகளிலிருந்து குடவோலையால் வாரியத்தாரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுகின்றன. அறுவர் கொண்ட ஏரி வாரியம் அவற்றுள் ஒன்று. நிலமும் கல்வியும் உடைய அந்தணர் சபையாகலின் இதனை இற்றைக் குடியாட்சியோடு ஒப்பிடுதல் மிகையாகும். ஆயினும் ஏரியைக் காத்தற்கெனவே ஆண்டுதோறும் ஆட்களைத் தேர்ந்த ஒரு நாகரிகம் ஈண்டு இருந்தது என்பது உறுதி.

மதுராந்தகத்தில் வழங்கும் கதையும் இதனோடு ஒத்தது. 1790களில் ஆட்சித் தலைவராக இருந்த லயனல் பிளேசு என்பார், பெருமழையில் ஏரிக்கரை உடையும் நிலையில், வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நிற்கக் கண்டார் என்பது அக்கதை. அவ்வூர் இறைவன் 'ஏரி காத்த இராமர்' எனப்படுகின்றார். இதன் மெய்ம்மையை ஆராய்தல் நம் பணியன்று. இலங்கையை வென்ற வில்லை ஏரிக்கரைக் காவலுக்கு நிறுத்திய மக்களின் மதிப்பீடே நோக்கத்தக்கது. விளையாட்டில் கட்டிடங்களைப் பேணுதற்குப் பொன் கழிக்கப்படுகின்றது, அஃது உண்மையே. ஆனால் பேணுவோர் அங்கில்லை. பேணலுக்குப் புகழும் இல்லை. பொன் கழிவது ஓர் இழப்பாகவே காட்டப்படுகின்றது.

அளக்கும் கண்

நிலத்தை விளைவெண்ணாகவே காணும் பார்வை எங்கிருந்து வந்தது? இவ்வினாவிற்கும் செங்கற்பட்டே ஒரு விடை தருகின்றது. 1763இல் இச்சீமை ஆர்க்காட்டு நவாபிடமிருந்து ஆங்கிலக் கும்பினிக்குச் சாகீராகக் கிடைத்தது. 1767 முதல் 1774 வரை தாமசு பர்னார்டு என்பார் இதன் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். வருவாய் அறிதலே நோக்கம். ஆயினும் அக்கணக்குகள் நோக்கத்தினும் மிகுதியாகச் சொல்லிவிட்டன. களத்து நெல் அரசுக்கும் உழவனுக்கும் பிரியுமுன், ஊர்ப் பணி செய்வோர் பலர்க்கும் மேரையாகவும் மானியமாகவும் பங்கு சென்றதை அவை காட்டுகின்றன. இப்பங்குகள் சாதி ஏற்றத்தாழ்வைச் சுமந்தவை என்பதை மறத்தல் ஆகாது. ஆனால், விளைவு என்பது தனி எண் அன்று, அது பலர் உரிமைகளின் தொகுதி என்னும் உண்மை அக்கணக்கில் உள்ளது. விளையாட்டோ கும்பினியின் நோக்கத்தை மட்டும் ஏற்று, அக்கணக்கு கூறும் உண்மையை விட்டுவிட்டது. பத்து உணவு விளைந்தால் பத்தும் ஆடுவோனுக்கே.

முற்றுப்பெறாத கல்

'சிவிலைசேஷன்' விளையாட்டுக்களில் உலக அற்புதம் ஒன்றை ஒரு நாடே கட்டி முடிக்க இயலும். பிறர் முந்திவிடின் நாம் பாதி கட்டியது பயனற்று நின்றுவிடும். முடிந்ததே அற்புதம், முடியாதது ஒன்றுமன்று.

மாமல்லபுரம் இதற்கு நேர்மாறான பாடத்தைக் கற்பிக்கின்றது. ஐந்து இரதங்களும் முழுதும் நிறைவுறாதவை. வலையன்குட்டை இரதமும் பிடாரி இரதங்களும் அடிப்பகுதி பாறையாகவே நிற்கின்றன. அருச்சுனன் தபசு எனப்படும் பெருஞ்சிற்பத்தின் பொருளையே மற்றொரு பாறையில் செதுக்கத் தொடங்கி இடையே விட்டிருக்கின்றனர். இவற்றைக் கொண்டே, பாறையைச் சதுரங்களாக வகுத்துப் பள்ளம் வெட்டி, இடைநின்ற கல்லைத் தட்டி நீக்கிய பல்லவர் காலத் தச்சரின் முறையை அறிஞர் உணர்ந்தனர். முடிந்த கோயில் அரசனின் புகழைச் சொல்கின்றது. முடியாத கல் கைவினைஞனின் அறிவைச் சொல்கின்றது.

கடலும் இக்கரையில் ஓர் ஆசிரியனாக இருந்துள்ளது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்றபின், சாளுவன்குப்பத்தில் பாறைக் கல்வெட்டுக்கள் வெளிப்பட்டன. அவற்றின் வழியே 2005இல் நடந்த அகழ்வில் முருகன் கோயிலொன்று கிடைத்தது. பிற்காலக் கற்றளியின்கீழ் அதனினும் பழைய செங்கற் கோயில் இருந்தது. அதனைச் சங்க காலத்ததாக அகழ்ந்தோர் கருதினர். அழிந்த ஒன்றின் மேல் மற்றொன்று எழுப்பி, அதுவும் மறைந்து, பின்னர் வெளிப்படும் இவ்வடுக்குமுறையை மேனோக்கி ஏறும் எண்வரிசையில் அடக்க இயலாது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இவ்விளையாட்டுக்கள் தீயன என்பது முடிவன்று. பரந்த அறிவும் கூர்ந்த அமைப்பும் உடையன அவை. வரலாற்றின்பால் இளைஞரை ஈர்ப்பன. அவை நாகரிகத்தின் ஒரு பாதியை மட்டும் முழுமையெனக் காட்டுகின்றன என்பதே குறை. ஆக்குதல் உண்டு, காத்தல் இல்லை. காணுதல் உண்டு, வழிகாட்டல் இல்லை. விளைவு உண்டு, பங்கீடு இல்லை. தமிழர் பெயரைச் சேர்ப்பதால் இக்குறை நீங்காது. கரை காக்கும் வாரியமும், களத்தில் பங்கு பெறும் குடிகளும், நிலத்தைச் சொல்லால் அறிவிக்கும் பாணனும் ஆட்டத்தின் விதிகளாகவே அமைதல் வேண்டும். அத்தகைய ஆட்டத்தை வகுக்கத் தமிழ் கற்றோரும் கணிப்பொறி கற்றோரும் ஒருங்கே அமர்தல் வேண்டும்.

பட்டினப்பாலையிலும் ஒரு நுட்பம் எஞ்சியுள்ளது. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வமும் கரிகாலன் வெற்றியும் அப்பாட்டில் தம்பொருட்டுப் பாடப்பட்டன அல்ல. அப்பட்டினமே கிடைப்பதாயினும் காதலியைப் பிரிந்து பொருள்தேடச் செல்லேன் என ஒரு தலைவன் தன் நெஞ்சிற்கு மறுத்துரைக்கும் கூற்றினுள் அவையெல்லாம் அடங்குகின்றன. இவ்விளையாட்டுக்களின் ஈர்ப்பைக் கூறுவோர், இன்னும் ஒருமுறை ஆடிவிட்டு எழுவேன் என்று இரவெல்லாம் அமர்ந்திருத்தலைச் சான்றாகக் காட்டுவர். பேரரசின் பெருமையை முந்நூற்றோரடியில் விரித்துரைத்த புலவர், அதனை வேண்டா என்று விலகும் உரிமையையும் மனிதனுக்கு வைத்தார். நாகரிகத்தை அளப்பதாகக் கூறும் எவ்விளையாட்டும் அவ்வுரிமைக்கும் ஓரிடம் வைத்தல் வேண்டும்.