தேர்ச்சி விகிதம்

ஒவ்வோர் ஆண்டும் பரீட்சை முடிவு வந்ததும் நம்மவர்களுக்கு ஒரு ஜுரம் வந்துவிடுகிறது. எந்தப் பள்ளி நூற்றுக்கு நூறு, எந்தப் பள்ளி தொண்ணூறு என்று கணக்குப் பார்த்துத்தான் ஜூன் மாதத்தில் பிள்ளையைச் சேர்க்கிறார்கள். மாநிலத்தில் முதலிடம் யாருக்கு என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் சர்க்கார் கைவிட்டது. பள்ளிகளைத் தராசில் நிறுக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை.

இந்த விகிதம் எதை அளக்கிறது? ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நுழைவிலேயே சலித்தெடுத்த 40 பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பி, 40 பேரும் தேறினால் நூறு சதவீதம். வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்ட பள்ளியில் 120 பேர் எழுதி 110 பேர் தேறினால் 92-கூட இல்லை. எந்த உபாத்தியாயர் அதிகம் உழைத்தார்? 2025-இல் பத்தாம் வகுப்பில் மாநிலத் தேர்ச்சி 93.80 சதவீதம், சர்க்கார் பள்ளிகளில் சுமார் 91. யாரையும் திருப்பி அனுப்பாத பள்ளிகளுக்கு இது அவமானமான எண் என்று எனக்குத் தோன்றவில்லை.

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு மின்சார ரயிலில் போனால், கூடுவாஞ்சேரிக்கு அடுத்த நிலையம் பொத்தேரி. இறங்கியதும் எதிரே தனியார் பல்கலைக்கழகம். 1985-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது. தேசத்தின் நாலா மூலையிலிருந்தும் பணம் கட்டிப் படிக்க வருகிறார்கள். அந்தக் கட்டிடங்களைத் தினமும் பார்க்கிற உள்ளூர்த் தகப்பன், 'காசு கொடுத்தால்தான் படிப்பு' என்று முடிவு கட்டினால், அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சேர்க்கைக் கணக்கும் இதே கதைதான். 'அசர்' என்னும் கிராமப்புற ஆய்வின்படி, தமிழ்நாட்டில் சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகள் 2018-இல் நூற்றுக்குச் சுமார் 67. கொள்ளை நோய்க்குப் பிறகு, 2022-இல், அது 75-ஐத் தாண்டியது. 2024-இல் மறுபடியும் 68-க்கு வந்துவிட்டது. இந்த ஆறு வருஷத்தில் உபாத்தியாயர்கள் திடீரென்று கெட்டிக்காரர்களாகி, பிறகு திடீரென்று மந்தமாகிவிட்டார்களா? தகப்பனின் பை காலியானபோது பிள்ளை வந்தது. பை நிறைந்ததும் போய்விட்டது.

சர்க்காரின் நடத்தையும் விசித்திரமாகவே இருக்கிறது. ஒரு கையால் சோறு போட்டுப் பிள்ளைகளை அழைக்கிறது: 1956-இல் மதிய உணவு, 2022-இல் காலை உணவு. இரண்டும் நான் கையெடுத்துக் கும்பிடுகிற காரியங்கள். மறு கையால், 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகளின் ஆரம்ப வகுப்பில் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, அதற்குக் கட்டணமும் கட்டுகிறது. ஏழைக்கு வாசல் திறந்தது நியாயம்தான். ஆனால் சொந்தப் பள்ளியைவிட அடுத்தவன் பள்ளி மேல் என்று சர்க்காரே காசு கொடுத்துச் சொன்னால், பொத்தேரித் தகப்பன் வேறு என்ன நினைப்பான்?

பள்ளியை அளக்க எனக்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான்: ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் பன்னிரண்டாம் வகுப்புவரை உங்களோடு இருந்தவர்கள் எத்தனை பேர்? சர்க்கார் பள்ளியோ தனியார் பள்ளியோ, இந்த எண்ணை வாசலில் எழுதி வைக்கட்டும். தேர்ச்சி விகிதத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.