‘முகமூடி’: பிந்திய ஒரு குறிப்பு

மிஷ்கினின் ‘முகமூடி’ 2012 ஆகஸ்ட் 31இல் வெளிவந்தது. தமிழின் முதல் சூப்பர் ஹீரோ படம் என்ற விளம்பரத்தோடு வந்து, விமர்சகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. அடித்தவர்களில் நானும் ஒருவன். அப்போது பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் சிலர் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். சேலத்துத் தியேட்டரில் அதை இரண்டு முறை பார்த்திருந்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை.

வங்கி மாற்றலில் ஏற்காட்டுக்கு வந்தபின் கொட்டச்சேட்டில் குடியிருக்கிறேன். சென்ற மாதம், மழை விடாத ஓர் இரவில், கைபேசியில் மூன்றாவது முறை பார்த்தேன். குறைகள் அப்படியே இருக்கின்றன. காதல் ஒட்டவில்லை. ‘சித்திரம் பேசுதடி’யிலும் (2006) ‘அஞ்சாதே’யிலும் (2008) மிஷ்கினிடம் அவ்வளவு அடங்கி நடித்த நரேன், இங்கே வில்லனாகத் தேவைக்கு மேல் துள்ளுகிறார். முடிவில் குழந்தைகளைப் பணயம் வைப்பது சுத்த சோம்பேறித்தனம்.

பின் எதை ரசித்தேன்? அந்த வேஷத்தை. வேலைவெட்டி இல்லாத லீ, மாணவர் சேராத ஒரு குங்ஃபூ பள்ளியின் சிஷ்யன். உலகத்தைக் காப்பாற்ற அவன் முகமூடி போடவில்லை. ஒரு பெண்ணைக் கவரப் போடுகிறான். உடை பொருந்தவில்லை என்று அன்று கேலி செய்தோம். பொருந்தாமையில்தான் அவன் நம் தெருப் பையனாக இருக்கிறான் என்பது அப்போதே எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதே ஆண்டு ஜூலையில் நோலனின் கடைசி பேட்மேன் படம் வந்திருந்தது. அதைப் பக்கத்தில் வைத்து அளந்தோம். பேட்மேனிடம் பணம் இருக்கிறது. லீயிடம் ஒரு மொட்டைமாடி.

அளப்பதானால் ‘மலைக்கள்ளன்’ (1954) இருந்தது. நாமக்கல் கவிஞரின் நாவல், எம்.ஜி.ஆர். நடித்தது. அதில் எத்தனை வேஷம் போட்டாலும் உள்ளே இருப்பது யார் என்று தரை டிக்கெட்காரனுக்குத் தெரியும். வேஷம் அந்த முகத்தின் மதிப்பைக் கூட்டவே செய்தது. தமிழ் வியாபார சினிமா இன்றுவரை முகத்தைத்தான் விற்கிறது. ஜீவாவின் முகம் அப்படிப்பட்ட மூலதனம் அல்ல. அதையும் மூடிவிட்டால் மிஞ்சுவது ஓர் உடம்பு, அதன் நடை, அது விழுகிற விதம். காமிராவைத் தரையில் வைத்துக் கால்களைப் பார்க்கிற மிஷ்கினுக்கு இது போதுமானதாக இருந்திருக்கிறது. அந்தத் துணிச்சல் படம் முழுக்க நீடிக்கவில்லை. வில்லனுக்குக் கதை சொல்லப் போய்ச் சிதறிவிட்டது. ஆனாலும் நீடித்த வரைக்கும் அது அசல்.

இதில் ஒரு வரியாவது 2012இல் எழுதியிருக்க வேண்டும். பெர்க்மனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நண்பர்கள் சிரித்துவிடுவார்களோ என்ற பயம். (அவர்களில் ஒருவர் அதை மூன்று முறை பார்த்தவர் என்று பிற்பாடு தெரிந்தது.) ஒரு பக்கத்துக்கு வேண்டிய கோபத்தை எங்கிருந்தோ வரவழைத்துக்கொண்டு எழுதினேன். நடை நன்றாக இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள்.

கடைசி அரைமணியை இந்த முறையும் ஓட்டிவிட்டுத்தான் பார்த்தேன்.