சந்தித்தாரா, இல்லையா என்பதா கேள்வி?

தான் தொழிலதிபர் அதானியைச் சந்திக்கவே இல்லை என்று 2024 டிசம்பர் 10 அன்று சட்டமன்றத்தில் சொன்னார் முதல்வர் மு.க.ஸ்டாலின். அதானி மீதான நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணையை ஆதரிக்க பா.ஜ.க.வும் பா.ம.க.வும் தயாரா என்று திருப்பியும் கேட்டார். சாமர்த்தியமான பதில். நம் முற்போக்கு நண்பர்கள் பலருக்கு அது போதுமானதாகவும் இருந்தது. போதவில்லை என்று சொன்னவர்களுக்கு வழக்கமான சமாதானம் கிடைத்தது: முதலில் மோடியை வீழ்த்துவோம், காட்டுப்பள்ளித் துறைமுகம், பழவேற்காட்டு முகத்துவாரம் எல்லாவற்றையும் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மீனவக் குப்பங்களும் பழைய பள்ளிவாசலும் மகிமை மாதா கோயிலும் அக்கம்பக்கமாக இருக்கும், சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டில் மதவெறிக்கு எதிரான ஓட்டு வெறும் கொள்கை விவகாரம் அல்ல, அன்றாடப் பாதுகாப்பு. மக்கள் நெருக்கமாக வாழும் ஊரகக் கடற்கரையில் கட்டுமானத் தடை எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கிய 2019 அறிவிக்கை மோடி அரசினுடையதுதான். 2024இல் தமிழ்நாடும் புதுச்சேரியும் நாற்பதுக்கு நாற்பதையும் இந்தியா கூட்டணிக்குக் கொடுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. நானும் அப்படித்தான் ஓட்டுப் போட்டேன்.

என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அது இன்று தோன்றியதும் அல்ல. தேசிய எதிர்க்கட்சிகள் துறைமுக அரசியலை ஒரு நட்பின் கதையாக மாற்றிவிட்டன. 2023 பிப்ரவரியில் மக்களவையில் ராகுல் காந்தி, விமானத்தில் மோடியும் அதானியும் ஒன்றாக இருக்கும் படத்தைத் தூக்கிக் காட்டினார். அவையில் அது எடுபடும். ஆனால் இரண்டு பேர் சினேகிதர்களாக இருப்பதுதான் குற்றம் என்றால், சினேகிதம் இல்லாதவர் போடும் கையெழுத்து குற்றமற்றதாகிவிடுகிறது. 'நான் சந்திக்கவில்லை' என்பது ஒரு பதிலாகச் செல்லுபடியாவது இதனால்தான்.

பழவேற்காட்டுக்குத் தெற்கே இருக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தைக் கட்டியவர் அதானி அல்ல. எல் அண்ட் டி கட்டியது. அதற்கான கூட்டு நிறுவனத்தில் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ சிறு பங்குதாரர். அதானி குழுமம் அதை வாங்கியது 2018இல். அதற்குத் தெற்கே ஒட்டியிருக்கும் எண்ணூர் காமராசர் துறைமுகம் ஒன்றிய அரசு கட்டி 2001இல் திறந்தது. கடல் இந்த உரிமை மாற்றங்களைக் கவனிப்பதில்லை. நம் கரையில் ஆண்டில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே அலைத்தடுப்புச் சுவர் எழுந்தால் தெற்கே மணல் குவியும், வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்ததும் நூறாண்டுக்கு மேலாக எல்லாரும் கண்ட பாடம். காட்டுப்பள்ளிக்கு வடக்கே காளஞ்சி, கருங்காலி என்று பழவேற்காடு வரை நீள்வது, ஒருபுறம் கடலும் மறுபுறம் காயலுமாகக் கிடக்கும் ஒடுங்கிய மணல்திட்டு. அது அறுந்தால் காயலின் உப்பளவு மாறும், இறாலும் மடவையும் நண்டும் போகும், முறைவைத்து மீன்பிடிக்கும் பாடுகளும் போகும். மோடி தோற்றாலும் அந்தச் சுவர் அங்கேயேதான் நிற்கும்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக்குவதுதான் விரிவாக்கத் திட்டம். கடலைத் தூர்த்து எடுக்கும் நிலமும் அதில் உண்டு. எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது ஸ்டாலின் இதை எதிர்த்தார். 2021 ஜனவரி 22க்குக் குறித்திருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. சில மாதங்களில் ஆட்சி மாறியது. எதிர்த்தவரே முதல்வரான பிறகு திட்டம் செத்திருக்க வேண்டும் அல்லவா? 2023 செப்டம்பர் 5க்கு மறுபடியும் கூட்டம் அறிவித்தார்கள். அறிவித்தது மாநில அரசின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். எதிர்ப்பு கிளம்பியதும் அதுவும் தள்ளிவைக்கப்பட்டது. 'தள்ளிவைப்பு' என்பது இந்த விவகாரத்தில் ஒரு கொள்கையாகவே ஆகிவிட்டது. நிறைவேற்றியதாகவும் பழி வராது, கைவிட்டதாகவும் முதலீட்டாளர் கோபிக்க மாட்டார். 2024 ஜனவரியில் சென்னை உலக முதலீட்டாளர்கள் மாநாட்டில் அதானி குழுமத்தோடு 42,768 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. மின்சாரம், தரவு மையம், சிமெண்ட், எரிவாயு ஆகியவற்றுக்கான ஒப்பந்தங்கள் அவை. துறைமுகம் அதில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இத்தனை கோடிக்கு மாலை போட்டு வரவேற்ற அரசு, அதே குழுமத்தின் காட்டுப்பள்ளிக் கோப்பை மட்டும் முகத்துக்கு நேரே கிழித்துப்போடும் என்று நம்ப எனக்குத் தெம்பில்லை.

தமிழ்நாட்டை மட்டும் சொல்லிப் பயனில்லை. கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு 2015இல் அதானியோடு ஒப்பந்தம் போட்டது உம்மன் சாண்டியின் காங்கிரஸ் அரசு. அதைத் தொடர்ந்து நடத்தியது இடதுசாரி அரசு. 2022இல் மீனவர்கள் மாதக்கணக்கில் போராடியபோது, துறைமுகத்துக்கு ஆதரவான மேடையில் மார்க்சிஸ்ட் கட்சியின் மாவட்டச் செயலாளரும் பா.ஜ.க. மாவட்டத் தலைவரும் சேர்ந்து நின்றார்கள். 2025 மே 2 அன்று துறைமுகத்தை மோடி திறந்துவைத்தபோது இடதுசாரி முதல்வர் பினராயி விஜயனும் காங்கிரஸ் எம்.பி. சசி தரூரும் மேடையில் இருந்தார்கள். இந்த மேடைக் காட்சி சிலரின் தூக்கத்தைக் கெடுக்கும் என்று மோடி கேலி பேசினார். எவருடைய தூக்கமும் கெட்டதாகத் தெரியவில்லை, வீடிழந்த மீனவர்களுடையதைத் தவிர.

ராகுல் காந்தியின் மீனவ அன்பைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. 2021 பிப்ரவரியில் கொல்லத்தில் மீனவர்களோடு படகேறிப் போய்க் கடலில் குதித்தார். அதற்குச் சில நாள் முன்பு புதுச்சேரியில், மீனவர்களுக்கென ஓர் அமைச்சகம் வேண்டும் என்றார். மீன்வளத்துக்கு அமைச்சகம் 2019லேயே வந்துவிட்டது. பா.ஜ.க. அதை வைத்துச் சிரித்தது மலிவான சிரிப்பு. என் வருத்தம் வேறு. கடலில் குதிக்கத் தெரிந்த தலைவருக்கு, தன் கட்சி ஆண்ட மாநிலமும் தன் கூட்டாளி ஆண்ட மாநிலமும் அந்தக் கடலோடு என்ன செய்தன என்று கேட்கத் தோன்றவில்லை.

பழவேற்காடு அடங்கிய திருவள்ளூர் தொகுதி 2019இலும் 2024இலும் காங்கிரசுக்கே போனது. பொன்னேரி சட்டமன்றத் தொகுதியும் 2021இல் காங்கிரசுக்குத்தான். 2024இல் சசிகாந்த் செந்தில் ஐந்தே முக்கால் லட்சம் வாக்குகளை ஒட்டிய வித்தியாசத்தில் வென்றார். மனசாட்சிக்காக ஐ.ஏ.எஸ். பதவியை விட்டவர். பள்ளிக்கல்வி நிதியை விடுவிக்கச் சொல்லி 2025இல் உண்ணாவிரதமும் இருந்தார், மதிக்கத்தக்க காரியம். அந்தக் கோரிக்கை டெல்லியை நோக்கியது என்பதால் கூட்டணிக்குள் யாருக்கும் சங்கடம் வரவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. குப்பத்தில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் பிடித்த மீனை அவரிடமே, அவர் சொன்ன விலைக்குத்தான் போட வேண்டும். குப்பத்து ஓட்டின் கதி அதைவிட மோசம். முன்பணமும் இல்லாமல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கட்டுப்பட்டுக் கிடக்கிறது. வேறு யாருக்கும் போட முடியாது என்று தெரிந்துவிட்ட ஓட்டுக்கு எந்தத் தலைவர் விலை பேசுவார்?

மாநில அரசால் இதைத் தடுக்க முடியாது என்பதையும் ஏற்க முடியவில்லை. அதானி பற்றிய அந்தப் பதிலுக்கு முந்தைய நாள், டிசம்பர் 9 அன்று, அதே அவை மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. தான் முதல்வராக இருக்கும்வரை அந்தச் சுரங்கத்தை விடமாட்டேன் என்றார் ஸ்டாலின். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அந்த ஏலத்தையே ரத்து செய்தது. அந்த ஏலம் முழுக்க டெல்லி நடத்தியது. காட்டுப்பள்ளியில் டிட்கோவின் கையெழுத்தும் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, அந்த அவையில் இதற்கு எதிராக ஒரு தீர்மானமும் வரவில்லை.