சட்டத்துக்கு வெளியே

அண்மையில் மலையகத்து நகரமொன்றில் நடைபெற்ற சிறியதொரு புகைப்படக் காட்சிக்கு மாணவர் சிலரை அழைத்துச் சென்றிருந்தோம். விடுமுறையில் நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் வந்து, இரண்டொரு நாள் தங்கி, பறவைகளையும் விலங்குகளையும் படம்பிடித்துச் செல்லும் அன்பர்களின் படங்கள் அங்கே இடம்பெற்றிருந்தன. மஞ்சட்செவிக் கொண்டைக்குருவி, இலங்கை வெள்ளைக்கண்ணி, ஹோர்ட்டன் சமவெளியின் பனிப்புல்லில் நிற்கும் மரை ஆகிய யாவும் கண்ணைக் கவரும் படங்களே. அவற்றுள் ஒன்றின் முன் வெகுநேரம் நின்ற தோட்டத்து மாணவனொருவன் எம்மிடம் சொன்னான்: "சேர், இந்த மரம் எங்க லயத்துக்குப் பின்னாலதான் நிக்குது. ஆனா லயத்தைக் காணோமே!"

இவ்வகைப் படங்களைப் பற்றி நாம் எழுப்ப வேண்டிய வினா முழுவதும் இச்சொற்களில் அடங்கியிருக்கிறது. லயம் எங்கே போயிற்று? தொலைவிலுள்ளதை அருகிழுக்கும் நீண்ட வில்லையை அகலத் திறந்து வைத்தால், குருவியின் இறகு ஒவ்வொன்றும் துலங்கும். பின்னாலுள்ள அனைத்தும் இளம்பச்சைப் புகையாய்க் கரைந்துவிடும். தகரக் கூரையும் தேயிலைச் செடியும் கூடை சுமந்த பெண்ணும் அப்புகைக்குள் மறைகின்றனர். கருவியின் இயல்பு அது என்று கூறுவோர் உளர். ஆயின் எதைத் துலக்குவது, எதை மறைப்பது என்று தீர்மானிப்பது கருவியன்று. அதனைக் கையிலேந்தியவரின் பார்வையே. காட்சிக் குறிப்பில் 'மனிதக் கை படாத மலைநாடு' என்று எழுதப்பட்டிருந்தமை அப்பார்வையை நன்கு காட்டிற்று.

மனிதக் கை படாத மலையா இது? காட்டை அழித்துக் கோப்பி நட்டதும் கைகளே. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலையை இம்மலைகளெங்கும் பரப்பியதும், தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட உழைப்பாளரின் கைகளே. அக்கைகளை மறந்து இம்மலைகளைக் காணும் வழக்கம் பழையது. நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் இத்தீவில் தாம் ஆடிய வேட்டையை நூலாக எழுதிப் புகழ் பெற்றார். 1845இல் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் ரோஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவரெனக் கூறப்படுகிறது. துப்பாக்கி போய்க் கமரா வந்தது பெரும் முன்னேற்றமே, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒலிப்பதிவால் பறவையை ஏமாற்றி வரவழைப்பதிலும், கூட்டை மறைக்கும் இலைகளைக் கிள்ளியெறிவதிலும், தீனி நீட்டி மரையை அருகழைப்பதிலும் பழைய வேட்டை மனப்பான்மை இன்னும் உயிரோடிருக்கின்றது.

அழகை வெறுப்பது முற்போக்கு ஆகாது. அழகோடு உண்மையையும் தந்த படங்கள் உண்டு. நெடுங்காலம் அழிந்துபோனதாகவே கருதப்பட்ட ஹோர்ட்டன் சமவெளித் தேவாங்கின் படம் 2010இல் உலகுக்கு வெளியிடப்பட்டது. அதனோடு, தேயிலைக்காகவும் பிற தேவைகளுக்காகவும் காடு துண்டுபட்டதே அவ்வுயிரின் அவலத்துக்குக் காரணமென்பதும் சொல்லப்பட்டது. பல இரவுகள் காட்டில் அலைந்த ஆய்வாளரின் பொறுமை அப்படத்தின் பின்னால் நிற்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்குக் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தை, சிகிச்சைக்குக் கொண்டு செல்லப்பட்டும் பிழைக்கவில்லை. கம்பி கழுத்தை இறுக்கியிருந்த அதன் படத்தை எவரும் வரவேற்பறையில் மாட்டமாட்டார். எனினும் நூறு அழகிய படங்கள் சொல்லாததை அது சொல்லிற்று. சிறுத்தை வாழ்வது தேயிலை மலையில். அங்கேயேதான் மனிதரும் வாழ்கின்றனர். செடிகளுக்கிடையே பதுங்கியிருந்த சிறுத்தையால் கொழுந்து பறிக்கும் பெண்கள் காயமுற்ற செய்திகளையும் நாம் படித்திருக்கிறோம். இருசாராரின் துயரும் ஒரே நிலத்தில் விளைவது.

எந்தச் சரிவில் எந்தக் குருவி கூடு கட்டும், எந்த ஓடையருகே தடம் தெரியும் என்பதை அறிந்தவர் தோட்டத்து மக்களே. படமெடுக்க வருவோருக்கு வழிகாட்டுவோரும் பெரும்பாலும் அவர்களே. அவர்தம் பெயர் எந்தப் படத்தின் கீழும் இல்லை. குளிர்காலத்தில் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானை விருந்தாளியென்று போற்றுகிறோம். பல தலைமுறை இங்கேயே பிறந்து உழைத்த மக்களை 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அந்நியராக்கிற்று. அந்தச் சட்டத்தின் கொடுமை நீங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. படத்தின் சட்டமோ அவர்களை இன்னும் வெளியேதான் நிறுத்தி வைத்திருக்கிறது.

படமெடுக்கும் அன்பர்களை நாம் வேண்டுவது அதிகமன்று. ஒருமுறையேனும் வில்லையைச் சற்றே ஒடுக்குங்கள். பின்னாலுள்ள மலையும் தெரியட்டும். வழிகாட்டியவரின் இசைவைப் பெற்று, அவர் பெயரையும் படத்தின் கீழ் எழுதுங்கள். ஆசிரியராகிய நமக்கும் பணியுண்டு. கைபேசியிலேயே கமரா உள்ள காலமிது. தம் லயத்துக் கூரையில் வந்தமரும் குருவியை, கூரையோடு சேர்த்தே படம்பிடிக்க நம் மாணவருக்குக் கற்பிப்போம். அன்று வினவிய மாணவனுக்கு நாம் அளிக்கக்கூடிய நேர்மையான விடை அதுவேயாகும்.